நெம்ருத் மலைக்குப் போகுமுன்: கொமாகேனே இடிபாடுகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

துருக்கியின் தென்கிழக்கில் உள்ள நெம்ருத் மலையின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். மரமே இல்லாத கற்சரிவு, அதன் அடியில் ஆளுயரத்தை மிஞ்சிய கல்தலைகள், பின்னால் சிவந்த வானம். அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் கிளம்புகிறவர்களில் பலர் நேராக உச்சிக்குப் போகிறார்கள். நடுராத்திரியில் வண்டி ஏறி, சூரிய உதயம் பார்த்து, தலைகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிவிடுகிறார்கள்.

இது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். உச்சியில் இருப்பது என்ன என்று புரிவதற்கு வேண்டிய எல்லாமே அடிவாரப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. கீழே உள்ள மூன்று நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு மேலே போகிறவருக்கு அந்தத் தலைகள் பெயரும் உறவும் உள்ள ஆட்களாகத் தெரியும். நேரே மேலே போகிறவருக்கு அவை பெரிய கற்கள் மட்டும்தான். ஆகவே இந்தக் கட்டுரையும் கீழிருந்தே தொடங்குகிறது.

இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே ஒரு சின்ன நாடு

டாரஸ் மலைத்தொடருக்கும் யூப்ரடீஸ் ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதிதான் பழைய கொமாகேனே. அலெக்சாந்தருக்குப் பிறகு இந்த நிலம் அவருடைய தளபதி செலூக்கஸின் வம்சத்திடம் போனது. கி.மு. 163 வாக்கில் அங்கே ஆளுநராக இருந்த தாலமி என்பவர் செலூக்கியர்களிடமிருந்து பிரிந்து தனி அரசை ஏற்படுத்தினார். கி.பி. 17-இல் ரோம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, 38-இல் திருப்பிக் கொடுத்தது, 72-இல் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் ஒரேயடியாக எடுத்துக்கொண்டது. அந்த அரசின் கதை அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிறிய அரசு கல்லில் விட்டுச்சென்றது கொஞ்சமல்ல.

இதில் நமக்கு முக்கியமான ஆள் முதலாம் அந்தியோக்கஸ். ஏறத்தாழ கி.மு. 69 முதல் கி.மு. 30-களின் நடுப்பகுதி வரை ஆண்டவர். அப்பா மித்ரிதாதஸ், பாரசீகப் பேரரசர் தாரியஸின் வழிவந்தவர் என்று சொல்லிக்கொண்ட குடும்பம். அம்மா லவோதிகே செலூக்கிய இளவரசி, அதாவது கிரேக்க-மாசிடோனியப் பக்கம். அந்த வழியைப் பிடித்துக்கொண்டு அந்தியோக்கஸ் தன் வம்சத்தை அலெக்சாந்தர் வரை கொண்டுபோனார். இந்த இரட்டை வம்சாவளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பார்க்கப்போகிற ஒவ்வொரு சிற்பத்திலும் இது வரும்.

குடும்பப் பெருமை மட்டும் இதற்குக் காரணம் அல்ல. மேற்கே ரோம் வளர்ந்துகொண்டிருந்தது, கிழக்கே பார்த்தியப் பேரரசு. நடுவில் ஆற்றைக் கடக்கும் துறைகள் கொமாகேனேயின் கையில். அந்தியோக்கஸ் கி.மு. 64-இல் ரோமத் தளபதி பொம்பேயோடு உடன்பாடு செய்துகொண்டார். தன் மகளைப் பார்த்திய மன்னர் இரண்டாம் ஓரோதஸுக்குக் கட்டிக்கொடுத்தார். கி.மு. 38-இல் மார்க் அந்தோனி படையோடு வந்து தலைநகர் சமோசாத்தாவை முற்றுகையிட்டபோதும் நகரம் விழவில்லை, பேச்சுவார்த்தையில்தான் முடிந்தது. இரண்டு பக்கமும் கை கொடுத்து உயிர்பிழைத்த அரசு இது. தெய்வங்களிலும் இதே இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கப் பார்த்தார் அந்தியோக்கஸ்.

கல்லறையும் கோயிலும் ஒன்றான இடம்

நெம்ருத் உச்சியில் இருப்பது கோயிலா, கல்லறையா என்று கேட்டால் இரண்டும்தான். அந்தியோக்கஸின் கல்வெட்டுகள் இதை ஹியரோதெசியோன் என்கின்றன. அரச குடும்பத்தார் புதைக்கப்பட்ட, தெய்வ வழிபாடும் நடக்கிற புனித இடம். சோழர் காலப் பள்ளிப்படைக் கோயில்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அடிப்படை எண்ணம் சட்டெனப் பிடிபடும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பள்ளிப்படையில் மன்னரின் சமாதிமேல் எழுப்பிய கோயிலில் வழிபாடு பெறுவது லிங்கம். இங்கே மன்னரே தெய்வங்களின் வரிசையில், அவர்களுடைய அளவிலேயே, சரிசமமாக உட்கார்ந்திருக்கிறார்.

இந்தப் பெயர் கொண்ட இடங்கள் மூன்று. தன் அப்பாவுக்காக அர்சாமேயாவில் ஒன்றை அந்தியோக்கஸ் சிறப்பித்தார். தனக்காக நெம்ருத் உச்சியில் ஒன்றைக் கட்டினார். அவருடைய மகன் இரண்டாம் மித்ரிதாதஸ் குடும்பப் பெண்களுக்காகக் கரகுஷ் என்ற இடத்தில் ஒன்றை எழுப்பினார். இந்த மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பதுதான் இந்தப் பகுதியின் பெரிய வசதி.

கீழிருந்து மேலே

காஹ்தா என்ற சிற்றூர்தான் வழக்கமான தங்குமிடம். அங்கிருந்து மலையை நோக்கிப் போகும் சாலையில் முதலில் வருவது கரகுஷ். தூரத்தில் பார்த்தால் வெறும் குன்று. கிட்டே போனால் அது மனிதர்கள் குவித்த கல்மேடு என்பது தெரியும். சுற்றிலும் தூண்கள் நிற்கின்றன, அதில் ஒன்றன்மேல் கழுகு. இரண்டாம் மித்ரிதாதஸின் தாய் இசியாஸ், சகோதரி அந்தியோகிஸ், அந்தியோகிஸின் மகள் அகா ஆகியோருக்காக எழுப்பியது இது. தூணில் உள்ள கிரேக்கக் கல்வெட்டு இவர்களின் பெயரைச் சொல்கிறது. மேட்டின் பக்கத்தில் நின்று வடகிழக்கே மலைகளைப் பாருங்கள். கூம்பு போன்ற ஓர் உச்சி தனியாகத் தெரியும். அதுதான் நெம்ருத். பள்ளத்தாக்கில் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படவேண்டும் என்றுதான் அந்தியோக்கஸ் அந்த உச்சியைத் தேர்ந்தெடுத்தார் என்பது இங்கே நின்றால் யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

அடுத்து ஜெந்தெரே பாலம். இது கொமாகேனே காலத்தது அல்ல, ரோமர்களுடையது. கி.பி. 200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் பதினாறாம் லெஜியன் என்ற ரோமப் படைப்பிரிவு கட்டியது. ஒரே பெரிய வளைவு, ஆற்றின் இரண்டு கரைப் பாறைகளிலும் கால் ஊன்றி நிற்கிறது. பாலத்தின் இரண்டு முனைகளிலும் இரண்டிரண்டு தூண்கள் இருந்திருக்க வேண்டும். ஒரு முனை பேரரசருக்கும் அவர் மனைவி ஜூலியா தோம்னாவுக்கும், மறுமுனை மகன்கள் கராகல்லாவுக்கும் கெத்தாவுக்கும். இன்று மூன்றுதான் உள்ளன. கி.பி. 211-இல் தம்பி கெத்தாவைக் கொன்றுவிட்டு, பேரரசு முழுவதும் அவர் பெயரையும் உருவத்தையும் அழிக்கச் சொன்னார் கராகல்லா. நான்காவது தூண் காணாமல் போனது அப்படித்தான் என்று கருதுகிறார்கள். இடிபாடுகளைப் பார்க்கும்போது நிற்பதைப் போலவே இல்லாததையும் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு வெற்றிடம் ஒரு கொலையைச் சொல்கிறது.

வழியில், இடைக்காலத்தில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள் காலத்து யெனி கலே கோட்டை செங்குத்தான பாறைமேல் நிற்கும். கால் வலு இருந்தால் ஏறிப் பாருங்கள், இல்லையென்றால் கீழிருந்தே பார்த்துவிட்டு நகரலாம். நேரத்தை அர்சாமேயாவுக்கு மிச்சம் பிடியுங்கள்.

அர்சாமேயாவில் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. மலைச்சரிவில் ஒற்றையடிப் பாதை, பாதையோரம் நிற்கும் சில கற்பலகைகள். ஆனால் அதில் ஒன்றுக்காகவே இங்கே வரலாம். மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான புடைப்புச் சிற்பம். இடப்பக்கம் பாரசீக உடையும் உயர்ந்த மகுடமும் அணிந்த மன்னர். வலப்பக்கம் ஆடையில்லாமல், தண்டாயுதத்தோடு கிரேக்க வீரத் தெய்வம் ஹெராக்ளீஸ். இருவரும் வலக்கையைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மன்னர் அப்பா மித்ரிதாதஸா, மகன் அந்தியோக்கஸா என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. உடைகளைக் கவனியுங்கள். பாரசீகமும் கிரேக்கமும் கை குலுக்குவதைக் கொமாகேனே தன் அரசியலாகவே வைத்திருந்தது, அதை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சொல்லும் படம் இது.

இந்தக் கைகுலுக்கல் கற்கள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டன. செலிக் என்ற ஊரில் கிடைத்த ஒன்று இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. அதன் நடுவே பெரிய துளை. பிற்காலத்தில் யாரோ அதை எண்ணெய் பிழியும் கல்லாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சிற்பத்துக்குப் பக்கத்திலேயே பாறையில் நீண்ட கிரேக்கக் கல்வெட்டு. அதன் அடியில் மலைக்குள் சரிவாக இறங்கும் சுரங்கம், நீளம் 158 மீட்டர். எதற்காகத் தோண்டினார்கள் என்பதற்கு உறுதியான விடை கிடையாது. இந்தக் கல்வெட்டுதான் மித்ரிதாதஸின் வழிபாட்டிடம் இங்கே இருந்ததைச் சொல்கிறது. 1950-களில் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் கார்ல் டோர்னர் இங்கே அகழாய்வு செய்தார்.

உச்சியில்

இப்போது நெம்ருத். உயரம் ஏறத்தாழ 2,150 மீட்டர். வண்டி ஓரளவுக்குத்தான் போகும், கடைசிப் பகுதியை நடந்துதான் ஏற வேண்டும். படிகள் உண்டு, நிதானமாக நடந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மேலே போனதும் எல்லோரும் தலைகளைப் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் நடுவில் இருக்கும் கூம்பைப் பாருங்கள். அது மலையின் முனை போலத் தெரியும், ஆனால் இல்லை. சின்னச் சின்னக் கல்துண்டுகளைக் குவித்து உண்டாக்கிய மேடு. உயரம் 50 மீட்டர், அடிப்பக்க விட்டம் 145 மீட்டர். மலையின் உச்சியையே மனிதர்கள் உயர்த்திவிட்டார்கள். அந்தியோக்கஸின் உடல் இதன் அடியில் எங்கோ இருக்கிறது என்பது கல்வெட்டிலிருந்து தெரிகிறது. அறையை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1953 முதல் இங்கே பல ஆண்டுகள் உழைத்த அமெரிக்கத் தொல்லியலாளர் தெரேசா கோயல் எவ்வளவோ முயன்றும் கிடைக்கவில்லை. தளர்வான கல்துண்டுகள் என்பதால் தோண்டத் தோண்ட மேலிருந்து சரிந்து மூடிக்கொள்ளும். திருடர்களுக்கு எதிராக இதைவிட நல்ல காவல் இருக்க முடியாது. இதே காரணத்தால்தான் மேட்டின்மேல் ஏறக்கூடாது என்று தடுக்கிறார்கள். ஒவ்வொரு காலடியும் கற்களைக் கீழே தள்ளும்.

மேட்டின் கிழக்கிலும் மேற்கிலும் வடக்கிலும் பாறையைச் சமன்படுத்திய மேடைகள். வடக்கு மேடை நீளமாக, குறுகலாக இருக்கும், அதை விரைவாகக் கடந்துவிடலாம். கிழக்கிலும் மேற்கிலும் ஒரே வரிசை திரும்ப வருகிறது. சிலைகளைப் பார்த்து நின்றால் இடமிருந்து வலமாக: மன்னர் அந்தியோக்கஸ், கொமாகேனே நாட்டின் தேவி, நடுவில் ஜீயஸ், அடுத்து அப்போலோ, கடைசியில் ஹெராக்ளீஸ். வரிசையின் இரண்டு ஓரங்களிலும் காவலுக்கு ஒரு சிங்கமும் ஒரு கழுகும்.

கல்வெட்டில் இவர்களுடைய பெயரைப் பார்த்தால்தான் அந்தியோக்கஸின் திட்டம் தெரியும். ஜீயஸ் வெறும் ஜீயஸ் இல்லை, ஜீயஸ்-ஓரோமஸ்தேஸ். கிரேக்கத் தலைமைத் தெய்வமும் பாரசீகர்களின் அகுர மஸ்தாவும் ஒருவரே என்கிறார். அப்போலோவோடு பாரசீக ஒளித்தெய்வம் மித்ரனும், ஹெராக்ளீஸோடு பாரசீகப் போர்த்தெய்வம் அர்தக்னஸும் சேர்கிறார்கள். முகங்கள் கிரேக்கச் சிற்ப முறையில் இருக்க, தலையில் பாரசீகத் தொப்பிகள்.

தலைகள் கீழே கிடப்பதால் யார் யார் என்று குழப்பம் வரும். தாடி உள்ளவர்கள் ஜீயஸும் ஹெராக்ளீஸும், அதில் பெரியது ஜீயஸ். தலையில் பழங்களும் தானியக் கதிர்களும் சூடியவள் தேவி, வரிசையில் ஒரே பெண். தாடியில்லாத மற்ற இருவரில் கூர்முனை மகுடம் அணிந்தவர் மன்னர், மற்றவர் அப்போலோ. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், வழிகாட்டி இல்லாமலே அடையாளம் காணலாம். உடல்கள் கிழக்கு மேடையில்தான் நன்றாக எஞ்சியிருக்கின்றன. முகங்கள் மேற்கில் தெளிவு. இரண்டையும் பார்த்தால்தான் முழு உருவம் மனத்தில் சேரும்.

சிலைகள் ஒரே கல்லில் செதுக்கியவை அல்ல. பெரிய சுண்ணாம்புக் கற்களை அடுக்கடுக்காக வைத்துக் கட்டியவை, சில கற்கள் ஒன்பது டன் வரை எடை. இந்த நிலப்பகுதி நிலநடுக்கம் மிகுந்தது. குலுங்கும்போது மேலே உள்ள தலைதான் முதலில் விழும். எல்லாம் ஒரே நாளில் விழவில்லை: 1880-களின் படங்களில் கிழக்கு மேடைத் தேவி தலையோடுதான் உட்கார்ந்திருக்கிறாள். இன்று தலைகள் வரிசையாக நிமிர்ந்து நிற்பது பிற்காலத்தில் மனிதர்கள் நிமிர்த்தி வைத்ததால். ஆகவே படங்களில் நாம் ரசிக்கும் அந்தக் காட்சியை அந்தியோக்கஸ் பார்த்ததே இல்லை. அவர் காலத்தில் கிட்டத்தட்ட பத்து மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து அவை கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

சிலைகளின் பின்பக்கம் போக முடிந்த இடத்தில் அவசியம் பாருங்கள். அரியணைகளின் முதுகில் இருநூறுக்கும் மேற்பட்ட வரிகளில் அந்தியோக்கஸின் கட்டளை பொறிக்கப்பட்டுள்ளது. தன் பிறந்தநாளையும் முடிசூடிய நாளையும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமல்ல, மாதந்தோறும் அந்தத் தேதிகளில், 16-ஆம் நாளும் 10-ஆம் நாளும், கொண்டாட வேண்டும் என்கிறார். பூசாரி பாரசீக உடை அணிய வேண்டும். வந்திருக்கிற எல்லோருக்கும் உணவும் மதுவும் தர வேண்டும். இசைக் கலைஞர்கள் பரம்பரையாக இந்தப் பணியைச் செய்ய வேண்டும், அவர்களை யாரும் அடிமையாக்கக்கூடாது. இதைப் படித்த பிறகு அந்த மேடை காலியாகத் தெரியாது. வெறும் கல்வெளியாக இருக்கும் இடத்தில் மக்கள் கூட்டமும் புகையும் பாட்டும் இருந்திருக்கிறது.

மேடைகளில் இன்னும் இரண்டு வரிசைக் கற்பலகைகள் உண்டு. ஒரு வரிசையில் அப்பா வழிப் பாரசீக முன்னோர்கள், இன்னொன்றில் அம்மா வழி மாசிடோனிய முன்னோர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பலிபீடம். மேற்கு மேடையைச் சேர்ந்த சிங்கக் கல்தான் எல்லாவற்றிலும் அபூர்வம். சிங்கத்தின் உடல் முழுவதும் நட்சத்திரங்கள், கழுத்தடியில் பிறை. அது சிம்ம ராசி. மார்பில் இருப்பது நாம் மகம் என்று சொல்லும் நட்சத்திரம். முதுகுக்கு மேலே மூன்று கோள்கள், பெயரோடு: ஹெராக்ளீஸின் செவ்வாய், அப்போலோவின் புதன், ஜீயஸின் வியாழன். அதாவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதே தெய்வங்கள் வானத்தில் சிம்ம ராசியில் கூடிய ஒரு நாளை இந்தக் கல் குறிக்கிறது. அது கி.மு. 62 ஜூலை 7 என்று கணக்கிட்டார்கள். பிறகு வந்த சிலர் கி.மு. 49 என்றார்கள். மணற்கல் என்பதால் பனியிலும் வெயிலிலும் உதிர்கிறது. பாதுகாப்புக்காகச் சில கற்களை இடம் மாற்றியிருக்கிறார்கள், எல்லாமே வெளியில் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இவ்வளவு பெரிய ஒன்று வெளியுலக ஆய்வாளர்களுக்கு 1881-இல்தான் தெரியவந்தது. ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் செஸ்டர் தகவல் கொடுத்த பிறகு ஓட்டோ புக்ஸ்டைனும், ஒட்டோமான் தரப்பில் உஸ்மான் ஹம்தி பேயும் வந்து ஆய்வு செய்தார்கள். 1987-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்

குளிர்காலத்தில் உச்சி பனியில் மூடிக்கிடக்கும். மே முதல் அக்டோபர் வரைதான் நம்பிப் போகக்கூடிய காலம். கோடையில் காஹ்தாவில் வெயில் கொளுத்தினாலும் மேலே விடியற்காலையிலும் மாலையிலும் காற்று ஊசியாய்க் குத்தும், கனமான மேலாடை இல்லாமல் போகாதீர்கள்.

உதயமா, அஸ்தமனமா என்ற கேள்வி வரும். காலை வெளிச்சம் கிழக்கு மேடைக்கு, மாலை வெளிச்சம் மேற்கு மேடைக்கு. என்னைக் கேட்டால் மாலைதான். காலையில் காஹ்தாவை விட்டுக் கிளம்பி, கரகுஷ், ஜெந்தெரே, அர்சாமேயா என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்து, பிற்பகலில் உச்சியை அடைந்து, முதலில் கிழக்கு, அப்புறம் மேற்கு என்று சுற்றினால் எல்லாம் ஒழுங்காக அமையும். உதயத்துக்குப் போனால் பள்ளத்தாக்கை இருட்டில் கடந்துவிடுவீர்கள். மலாத்யாவிலிருந்து வடக்குப் பக்கமாக ஏறும் சாலையும் உண்டு, ஆனால் அதில் கீழே உள்ள இடங்கள் எதுவும் வழியில் வராது.

வரைபடத்தில் தேடும்போது கவனம். வான் ஏரிக்கரையில் தத்வான் ஊருக்குப் பக்கத்தில் நெம்ருத் என்றே இன்னொரு மலை இருக்கிறது. அது எரிமலை, வாய்க்குள் ஏரியோடு பார்க்க அழகான இடம்தான். ஆனால் சிலைகள் அங்கே கிடையாது.

2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் இந்த மாகாணத்தின் தலைநகரான அடியமான் நகரமும் சுற்றுவட்டாரமும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. தங்குமிடம், சாலை, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் பற்றிக் கிளம்பும் முன் புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய பயணக் குறிப்புகளை அப்படியே நம்ப வேண்டாம்.

தலைநகர் சமோசாத்தாவைத் தேடிப் போக முடியாது. அட்டாதுர்க் அணையின் நீர் அதை மூடிவிட்டது. மூழ்குவதற்கு முன், 1978 முதல் 1987 வரை நிமெட் ஓஸ்குச் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. கொமாகேனே மன்னர்களின் அரண்மனை வெளிவந்தது அப்போதுதான். கூடுதலாக ஒரு நாள் இருந்தால் காஸியான்தெப் நகரத்தில் உள்ள ஸெயுக்மா மொசைக் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஸெயுக்மா யூப்ரடீஸைக் கடக்கும் துறையில் இருந்த நகரம், பொம்பேயோடு செய்த உடன்பாட்டுக்குப் பிறகு அந்தியோக்கஸிடம் வந்தது. அங்கே இருக்கும் மொசைக்குகள் பெரும்பாலும் ரோமர் காலத்தவை. இந்த மன்னர்கள் எந்தப் பாதையைக் கையில் வைத்திருந்ததால் மலையுச்சியில் அவ்வளவு கல்லைக் குவிக்க முடிந்தது என்பது அந்த நகரத்தின் செல்வத்தைப் பார்த்தால் விளங்கும்.